எஃகு முகத்தில் ஒரு கோடு

கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்துக்குத்தான் தெரிந்தது.

நவமணி எஃகுக் கட்டியின் மேல் விரல் நகத்தை மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடியில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போன நகம், பாதியைத் தாண்டியதும் ஓரிடத்தில் தட்டி நின்றது. மறுபடி இழுத்தாள். அதே இடம். மயிரளவு மேடுபள்ளத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து நகர்த்தினாள். அந்த இடத்தில் முள் துள்ளி, மூன்று கோடு தள்ளிப் போய் நின்றது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை.

ஆனால் அங்கே அது இருக்கக் கூடாது. மெஷினுக்குக் கட்டளை கொடுத்த துளை நாடாவை அவளே எழுதியிருந்தாள். அந்த இடத்தில் வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. வெட்டும் கருவியை நடுவில் மாற்றவில்லை. கட்டியைப் பிடித்த போல்ட்டுகள் இரண்டு முனையிலும் இருந்தன, நடுவில் இல்லை. பிறகு இந்தப் படி மாதிரி மேடு எங்கிருந்து வந்தது? இரண்டு நாளாக அதே கேள்வியோடு காப்பியை ஆறவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அது 1984. குனோங் ராபாட்டில் சுண்ணாம்பு மலைக்குக் கீழே இருந்த சதாசிவத்தின் பட்டறை, அதுவரை வாளிக்கும் ரப்பர் பால் கோப்பைக்கும் பிளாஸ்டிக் அச்சு செய்து பிழைத்தது. இப்போது சித்தியவானில் உள்ள மீன் வியாபாரக் கம்பெனி ஒன்று, மரப்பெட்டிகளை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறவிருந்தது. அச்சு செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தது. ஓர் ஆள் கட்டிப் பிடிக்கிற அளவுக்குப் பெரிய அச்சு. பழைய மெஷின்களால் ஆகாது. பெரிய, துல்லியமான, எஃகைச் செதுக்கும் செங்குத்து மெஷினிங் சென்டர் ஒன்று வாங்கியாக வேண்டும். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை, பாலிடெக்னிக்கில் படித்து, பட்டறையில் வரைபடமும் அளவையும் பார்த்துக்கொண்டிருந்த நவமணியிடம் சதாசிவம் விட்டிருந்தார்.

அவள் இரண்டு மெஷின்களைத் தேர்ந்து வைத்தாள். ஒன்று பெட்டாலிங் ஜெயாவில், இன்னொன்று பட்டர்வொர்த்தில். "விளம்பரத் தாள் வேணாம். நம்ம எஃகை அவங்க மெஷின்ல நம்ம ஆளே வெட்டிப் பாக்கட்டும்" என்றாள். அப்படித்தான் மெஷின் ஓட்டுகிற மாயாண்டி முதல் கட்டியோடு பெட்டாலிங் ஜெயா போய் வெட்டிக்கொண்டு வந்தான். அந்தக் கட்டியில்தான் இந்தக் கோடு.

முடியில் பாதிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அச்சு என்பது இரண்டு பாதி. இரண்டும் முகத்தோடு முகம் மூடிக்கொள்ள, நடுவில் உள்ள வெற்றிடத்துக்குள் உருகிய பிளாஸ்டிக் பாய்ந்து நிறைகிறது. முகங்கள் எங்காவது சரியாக ஒட்டாவிட்டால், அந்த இடுக்கு வழியாகப் பிளாஸ்டிக் கசிந்து, பெட்டியின் விளிம்பில் சவரக் கத்தி மாதிரிப் பிசிறாக நிற்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய கையால் பெட்டியைத் தூக்குகிற மீனவனுக்கு அது போதும்.

பெட்டாலிங் ஜெயா மெஷினின் ஏஜெண்டு ஜெயபாலன், டை கட்டிக்கொண்டு வந்திறங்கினான். கூடவே சதாசிவம். ஜெயபாலனின் பையில் ஆர்டர் தாள் தயாராக இருந்தது. நவமணி கட்டியைக் காட்டினாள். அவன் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மிஸ் நவமணி, எங்க மெஷினோட துல்லியம் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல அஞ்சு பங்கு. தாள்லயே போட்டிருக்கு. நீங்க காட்டுறது ஆயிரத்துல முப்பது. மீதி எங்கேருந்து வந்துச்சு? ஆள் கையிலேருந்துதான் லா." அவன் பார்வை, ஓரத்தில் எண்ணெய்த் துணியோடு நின்ற மாயாண்டி மேல் போனது. "தப்பா நினைக்காதீங்க. ரப்பர் தோட்டத்துல மரம் சீவுன கை. அதுகிட்ட கம்ப்யூட்டர் மெஷினக் குடுத்தா இப்படித்தான் வரும்."

"நான் ஒரு மரம்கூட சீவுனதில்ல சார்" என்றான் மாயாண்டி. "சீவுனது எங்கம்மா. பட்டைக்குக் கீழே ஒரு நூல் கூட இறங்குனா மரம் புண்ணாயிடும். அதையும் விடியறதுக்கு முன்னால, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுச் செய்யணும். டையைக் கழட்டிட்டு ஒரு நாள் வாங்களேன், எத்தனை மரத்தைக் கொல்றீங்கன்னு பாப்போம்."

"மாயாண்டி, வாயை மூடு" என்றார் சதாசிவம்.

ஜெயபாலன் அசராமல் முதலாளி பக்கம் திரும்பினான். "தவுக்கே, நான் ஒரு வழி சொல்றேன். எங்க கம்பெனியில பழகுன ஆளு இருக்கான். மெஷினோட அவனையும் அனுப்புறேன். இந்தத் தம்பி பாலிஷ் போடட்டும், இல்ல வேற எங்கயாச்சும் பாத்துக்கட்டும். பிரச்சினை தீந்துச்சு."

சதாசிவம் மோவாயைத் தடவினார். அவர் மோவாயைத் தடவினால் பாதி ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். "நவமணி, வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுரலாம்னு இருக்கேன். ஆளை மாத்துனா சரியாப் போயிடுமில்ல?"

நவமணிக்குக் காது மடல் சுட்டது. எட்டு வருஷமாக இந்தப் பட்டறையில் வேலை செய்கிறவனை, ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல், பிறந்த இடத்தைச் சொல்லி ஒருவன் தள்ளுகிறான். முதலாளி மோவாயைத் தடவுகிறார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல? அதுவரைக்கும் யாரையும் மாத்த வேணாம். காரணம் தெரியாம மெஷினையும் வாங்க வேணாம்" என்றாள். குரலை அடக்கத்தான் பார்த்தாள். அடங்கவில்லை.

அவர்கள் போனதும் மாயாண்டியை உட்கார வைத்தாள். "அங்க என்ன செஞ்சே, ஒண்ணு விடாம சொல்லு."

"காலையில போனேன். மெஷின போட்டாங்க. உங்க நாடாவ மாட்டுனேன். ஓடுச்சு. வேற என்னக்கா?"

"நிறுத்தவே இல்லையா?"

மாயாண்டி துணியை மடித்தான், விரித்தான். "மத்தியானம் மக்கானுக்குப் போனேன். வாழையிலைச் சாப்பாடு. ரெண்டு தடவை சோறு போட்டாங்க, கொஞ்சம் லேட்டாயிடுச்சு. போறப்ப மெஷின ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன். நம்ம வழக்கம் அதுதானேக்கா."

வழக்கம் அதுதான். சதாசிவத்தின் அப்பா சுங்காய்ப் பக்கத் தோட்டத்தில் ரப்பர் ஆலையின் எஞ்சின் ஓட்டியவர். சாப்பாட்டுச் சங்கு ஊதினால் எஞ்சின் நிற்க வேண்டும். வேலையில்லாமல் ஓடுகிற எஞ்சின் திருட்டுத் தீனி தின்கிறது என்பார். மகன் பட்டறை வைத்தபோது சங்குக்குப் பதில் மணி வந்தது. மணி அடித்தால் பட்டறை முழுக்க மெயின் சுவிட்ச் கீழே இறங்கும். அதில் பழகிய மாயாண்டி, குளிர்சாதன ஷோரூமிலும் பசி வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நவமணி நாடாவின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டாள். அவன் சாப்பிடப் போன நேரத்தில் வெட்டும் கருவி நின்றிருக்க வேண்டிய இடமும் கோடு இருந்த இடமும் ஒன்றாக வந்தன.

மாயாண்டியின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப அந்தாளு சொன்னது சரிதானா? அக்கா, தவுக்கேகிட்ட சொல்லிடாதீங்க."

"பொறு. நீ நிறுத்துன இடத்துல கோடு இருக்கு. நிறுத்துனா ஏன் கோடு விழணும்? மெஷின் திரும்ப வரப்ப அதே எண்ணுக்குத்தானே வருது? பக்கவாட்டுல ஒரு நூல் கூட நகரலையே. உயரம் மட்டும் ஏன் மாறுச்சு?"

அவள் டயல் கேஜை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை கோட்டை மட்டும் அளக்கவில்லை. கட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் விரற்கடை விரற்கடையாக அளந்து, சுண்ணாம்புக் கட்டியால் எஃகின் மேலேயே எண்ணை எழுதிக்கொண்டு போனாள். எழுதி முடித்து எட்ட நின்று பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது.

கோட்டைத் தாண்டியதும் முகம் உயர்ந்திருந்தது. ஆனால் உயர்ந்தபடி நிற்கவில்லை. போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, ஒரு மட்டத்துக்கு வந்து நின்றது. கட்டியின் ஆரம்ப முனையிலும் அதே கதை: முதலில் உயரம், பிறகு சரிவு, பிறகு மட்டம். ஆரம்பத்தில் யாரும் சாப்பிடப் போகவில்லையே! கைத்தவறு என்றால் ஒரு படியோடு நின்றிருக்கும். சரிவு விழுந்தால் அது சூடு.

ஸ்பிண்டல் என்பது வெட்டும் கருவியைப் பிடித்துச் சுழல்கிற தண்டு. சுழலச் சுழல அதன் பேரிங்குகள் சூடாகும். சூடான எஃகு நீளும். நீண்டால் கருவி கீழே இறங்கி, கேட்டதைவிட ஆழமாக வெட்டும். காலையில் குளிர்ந்த தண்டு குட்டை. அதனால் முகம் உயரமாக நின்றது. சூடேறச் சூடேறத் தண்டு நீண்டது, முகம் தாழ்ந்தது. மாயாண்டி சாப்பிடப் போனான், தண்டு ஆறிச் சுருங்கியது. வந்து ஓட்டினான், மறுபடி உயரத்திலிருந்து ஆரம்பித்தது. இதையெல்லாம் மெஷினின் கம்ப்யூட்டர் அறியாது. அது மேலே உள்ள அளவுகோலைத்தான் படிக்கும். தண்டின் நுனி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் நவமணி சதாசிவத்தையும் மாயாண்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு பெட்டாலிங் ஜெயா போனாள். ஷோரூம் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, "மெஷின யாரும் போட வேணாம். குளிர்ந்த மெஷின்தான் வேணும்" என்றாள்.

ஸ்பிண்டலில் ஓர் உருளைக் கம்பியை மாட்டி, அதன் அடியில் டயல் கேஜை நிறுத்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தாள். கேஜை விலக்கிவிட்டு ஸ்பிண்டலை வேகமாக ஓடவிட்டாள். எதையும் வெட்டவில்லை, சும்மா சுழன்றது. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திக் கேஜை நீட்டினாள். முள் ஒரு கோடு நகர்ந்திருந்தது. மறுபடி ஓடவிட்டாள். இரண்டு. மறுபடி. மூன்றைத் தாண்டியது. நாலுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது.

"இப்ப யாரு கை வச்சா, மிஸ்டர் ஜெயபாலன்?" என்றாள்.

ஜெயபாலன் டையைச் சரிசெய்தான். "எல்லா மெஷினும் சூடாகும் லா. முதல்ல கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் வெட்டணும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அப்ப உங்களுக்குத் தெரியும்." நவமணி சுவரைக் காட்டினாள். அங்கே உள்ளங்கை அளவு மாதிரிகள் பளபளவென்று வரிசையாக மாட்டியிருந்தன. "அதெல்லாம் காலையிலேருந்து ஓடிச் சூடான மெஷின்ல வெட்டுனது. சின்னது, டக்குன்னு முடிஞ்சிடும். அதை அளந்துதானே தாள்ல எண்ணைப் போட்டிருக்கீங்க? எங்க ஆள் பெரிய கட்டியோட வந்தப்ப மட்டும் குளிர்ந்த மெஷினக் குடுத்தீங்க, ஒரு வார்த்தை சொல்லல. கோடு விழுந்ததும் காரணம் தெரிஞ்சுக்கிட்டே மரம் சீவுன கைன்னு சொன்னீங்க. ஒருத்தன் வேலையப் பறிக்கப் பாத்தீங்க. வெக்கமா இல்ல?"



ஜெயபாலன் சதாசிவத்தின் பக்கம் திரும்பினான். "தவுக்கே, ஒரு சின்ன விஷயத்துக்கு…"

"எங்கப்பனும் தோட்டத்து ஆளுதான், தம்பி" என்றார் சதாசிவம். "அவரு கையைப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல. தாளை உள்ள வைங்க."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நவமணி கேஜைக் கம்பியின் பக்கவாட்டில் வைத்து இன்னொன்றையும் பார்த்துக்கொண்டாள். தண்டு கீழே மட்டும் நீளவில்லை, முன்னாலும் தள்ளியிருந்தது. அந்த மெஷினில் ஒரே தூண். அதிலிருந்து நீட்டிய கை மாதிரி ஸ்பிண்டல் முன்னால் தொங்கியது. கை சூடேறினால் நுனி முன்னே போகத்தானே செய்யும்?

திரும்புகிற வழியில் கார் சுங்காயைத் தாண்டியது. "அப்ப நம்ம சாப்பாட்டு மணிதான் கெடுத்துச்சா?" என்றார் சதாசிவம்.

"மணி பாதி, மெஷின் பாதிண்ணே. சாப்பாட்டு நேரத்துலயும் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கணும்."

"சும்மா ஓடவிடணுமா? கரண்டு யாரு வீட்டுக் கரண்டு?" என்று அவர் வெடித்தார்.

பின் சீட்டிலிருந்து மாயாண்டி, "சாப்பிட்டு வந்து மறுபடி ஒரு முழுக் கட்டிய வெட்டுறதுக்கு ஆகுற கரண்டு யாரு வீட்டுது தவுக்கே?" என்றான். சதாசிவம் திரும்பி முறைத்தார். 

அடுத்த வாரம் பட்டர்வொர்த் போனார்கள். அந்த மெஷினில் இரண்டு தூண்கள், மேலே குறுக்கே ஒரு பாலம், நடுவில் ஸ்பிண்டல். தோட்டத்தில் இரண்டு பேர் தோளில் கம்பு வைத்து நடுவில் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தூக்குவார்களே, அந்த மாதிரி. சூடு இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பரவுவதால் நடுவில் இருப்பது முன்னும் பின்னும் சாயாது. ஸ்பிண்டலைச் சுற்றிக் குளிர்ந்த எண்ணெய் ஓடிக்கொண்டே இருந்தது. சூட்டை அது எடுத்துக்கொண்டு போய்விடும். மற்றதைவிட மெதுவான மெஷின், இடத்தையும் அடைக்கும், பட்டறையின் ஒரு சுவரை இடிக்க வேண்டியிருக்கும். நவமணி அதே கம்பியை மாட்டி, அதே மாதிரி ஓடவிட்டு, அதே கேஜை வைத்தாள். கீழ்நோக்கி முள் ஒரு கோட்டைக்கூட எட்டவில்லை. முன்பக்கம் அசையவே இல்லை.

அதையே வாங்கினார்கள். மாயாண்டிதான் ஓட்டினான். நாலு காரியம் முடிவு செய்தார்கள். பெரிய மெஷினின் சுவிட்சைச் சாப்பாட்டு நேரத்தில் அணைப்பதில்லை. கடைசி மெல்லிய வெட்டுக்கு முன்னால், முள் நகர்வது நிற்கும் வரைக்கும் ஸ்பிண்டலைச் சும்மா ஓடவிடுவது. அச்சின் இரண்டு பாதியும் ஒட்டுகிற முகத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டத்தில் வெட்டுவது. பசித்தவன் ஆள் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போவது. மீன் பெட்டி அச்சின் ஒரு பாதியில் நீல மை தடவி மற்றப் பாதியை மேலே இறக்கிப் பார்த்தபோது, மை விளிம்பு முழுக்க ஓரிடம் விடாமல் ஒட்டியிருந்தது. பெட்டியில் பிசிறு விழவில்லை.