ஈரக் காயில்

ஏழாயிரத்து இருநூறு ரூபாய். பழனிசாமி தன் பெண்டாட்டிக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். ருக்கு தையல் கூலியில் சேர்த்ததை வாங்கித்தான், ஓட்டல்காரர்கள் கழித்துப்போட்ட பழைய இத்தாலி காப்பி மெஷினை எடுத்து வந்தார். அதைத் தராமலே இன்று காலை நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர் போய்விட்டார். தீவின் வடகோடியிலுள்ள திக்லிபூரிலிருந்து மகள் சௌமியாவின் பஸ் வந்ததும் எடுக்க வேண்டியதுதான்.

ருக்கு ஈரத்துணியால் அவர் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் மெஷின் கறுப்பு. போகவில்லை.

கால்மாட்டில் ஜமீல் தேம்பினான். அவன் டீக்கடைக்குத்தான் அந்த மெஷின். ஆறு மாதமாகச் சாயங்காலமானால் இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து சுவிட்ச், வயர், தெர்மோஸ்டாட் என்று ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அவனிடம் மணிக்கணக்கில் ஓடும் அவர் வாய், அவளிடம் "சோறு ஆச்சா?" என்பதோடு மூடிக்கொள்ளும். இப்போது அவளைவிட அவனுக்குத்தான் அழுகை அதிகம் வருகிறது. ருக்குவுக்கு வயிறு எரிந்தது.

"மத்ததெல்லாம் டீக், சரியாயிருச்சு அண்ணி. ஹீட்டர் காயில் ஒண்ணுதான் பாக்கி. ஈரம் ஏறி, மேல்தகட்டுல கரண்டு கசிஞ்சுது. பல்புக்குக் கீழ நாலு நாள் காயவச்சு சரி பண்ணுனாரு. போன வாரம் பாத்தா மறுபடியும் கசியுது."

அவள் கை நின்றது. போன வாரம் ஆத்திரத்தில் அந்தக் காயிலைத் தூக்கி மழை பெய்யும் பின்படியில் எறிந்தது அவள்தான். மறுநாள் அது பழையபடி பல்புக்குக் கீழே தொங்கியது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எப்பிடி நனைஞ்சுதாம்?"

"ஜன்னலைச் சாத்த மறந்துட்டேன், சாரல் அடிச்சிருச்சுன்னாரு. அரே, சொல்லிட்டுச் சிரிக்க வேற செஞ்சாரு."

சிரித்தாராம். அந்தச் சிரிப்பும் இவனுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

சௌமியா வந்தாள். எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து குளித்துத் திரும்பிய ஜமீல் வாசலில் நின்று நோட்டுகளை நீட்டினான்.

"மெஷினுக்கு நான் தர வேண்டியது. ஒங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லுவாரு."

"வேணாம். அவரு எனக்குத் தர வேண்டிய கடனை நான் தள்ளிட்டேன். மீட்டரை எடுத்துட்டு வா."

"அண்ணி?"

"ஒனக்கு எப்பிடிச் சொல்லிக் குடுத்தாரோ, ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லு."

அவர் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, மீட்டரின் ஒரு குச்சியைக் காயிலின் முனையிலும் மற்றதை மேல்தகட்டிலும் வைத்தாள்.

"முள்ளு அசையாம நிக்கணும். ஏறுனா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்."

முள் மெல்ல ஏறியது.

ருக்கு எழுந்துபோய்க் காயிலைப் பல்புக்குக் கீழிருந்த கொக்கியில் மாட்டினாள். பல்பை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.