ஷோம்பர்க் வீட்டுப் புகை

ஜெர்மனியை இரண்டாகப் பிரித்த எல்லையில் இரட்டைக் கம்பிவேலி போட்டதற்குப் பிந்திய குளிர்காலத்தில், ஹார்ட்ஸ் மலையில் சில்பர்ஹால்டே ஊரின் ஷோம்பர்க் குடும்பம் தினமும் மதியத் தூக்கத்தில் வேலியைத் தாண்டிப் போய்விட்டு, காப்பி நேரத்துக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. குடும்பம் என்றால் ஹார்ட்விக், அவர் மனைவி இர்மெலா, பிறகு ஒரு கூடம் நிறையக் கேனரிப் பறவைகள். போன இடம் எதிர்மலைச் சரிவில் இர்மெலாவின் அக்கா ஆடல்ஹைட் தனியாக இருந்த வீடு. ஒரு காலத்தில் அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வேலி வந்த பிறகு மாடி ஜன்னலில் நின்று அக்கா வீட்டுக் கூரையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். கனவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. கண் விழிக்கும்போது இர்மெலாவின் பல்லிடுக்கில் பிளம் பழக் கேக்கின் தோல் சிக்கியிருக்கும். கதவோரம் ஹார்ட்விக்கின் செருப்பு பனியில் நனைந்திருக்கும். பறவைகள் அந்த வீட்டுத் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்து எச்சமிட்டதற்காக ஆடல்ஹைட் ஹார்ட்விக்கை ஒரு பிடி பிடித்தாள். விழித்தபின்னும் அவர் திட்டு வாங்கிய கோபம் ஆறாமல்தான் இருந்தார்.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் பறவைகளிலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கத்தில் விஷக்காற்று வந்தால் கேனரிதான் முதலில் சுருண்டு விழும்; அதனால் அந்த ஊரில் சுரங்க வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் வீட்டில் கேனரி வளர்த்தார்கள். சுரங்கம் மூடியபின் பறவை மட்டும் மிஞ்சியது. மற்ற ஊர்களில் கேனரி உரக்கப் பாடினால் சந்தோஷப்படுவார்கள். இங்கே அப்படிப் பாடும் பறவையைச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அலகைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே உருட்டி, தாழத் தாழப் பாடுவதுதான் இவர்களுக்குப் பாட்டு. எவ்வளவு தாழ்வோ அவ்வளவு மதிப்பு. அப்படிப்பட்ட தொண்டைக்கு ஜென்ம விரோதி குளிர்காற்று. ஆகவே ஐப்பசி பிறந்தாலே ஹார்ட்விக் ஜன்னல் இடுக்குகளில் பாசியை அடைப்பார், கதவின் அடியில் கம்பளித் துணியைச் சுருட்டி வைப்பார், சாவித் துவாரத்தில் மெழுகை ஊற்றுவார். அவர் வீட்டில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தினால் சுடர் வரைந்து வைத்தது போல அசையாமல் நிற்கும். அதைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வருகிறவர் ஓல்ஹாஃப் மேஸ்திரி. கறுப்புக் கோட்டும், இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தானும், உயரத் தொப்பியுமாக, மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவர் போலத்தான் தெருவில் நடப்பார். அவர் வரும் தேதியைக் கதவில் சாக்குக்கட்டியால் முன்கூட்டியே எழுதிவிட்டுப் போவார். சட்டப்படி யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் கோட்டுப் பொத்தானைத் தொட்டால் அந்த வருடத்துக்கு அதிர்ஷ்டம் என்று ஊர் நம்பியது. கல்யாண வீட்டில் அவரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். பரிசுப் போட்டிக்கு முன் பறவைக்காரர்கள் வரிசையில் நின்று பொத்தானைத் தேய்ப்பார்கள். ஹார்ட்விக்கும் தேய்ப்பார். சீரகச் சாராயம் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுப்பார். பிறகு, பறவைகள் பாட்டுப் பழகும் நேரம், புகைபோக்கியைத் திறந்தால் காற்று இறங்கிவிடும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்பார். மேஸ்திரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். சாராயம் நன்றாக இருந்தது என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இல்லை. இப்படியே சில வருடங்கள் ஓடின. அதிர்ஷ்டத்தைத் தொட்டுக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவது அந்த வீட்டின் வழக்கமாகிப் போனது.

அந்த வருடம் காக்கைகள் புகைபோக்கிக்குள் கூடு கட்டின. சுள்ளி மேல் சுள்ளியாகப் போட்டு, ஏற்கெனவே தார் போலப் படிந்திருந்த கரியோடு சேர்த்து, கழுத்தை நெரிப்பது போல அடைத்துவிட்டன. வெளியே ஒரு நூலளவு புகைதான் வந்தது. மற்றதெல்லாம் நிறமும் மணமும் இல்லாத நச்சுக்காற்றாகக் கூடத்துக்கே திரும்பி, அங்கேயே குடியிருந்தது. பறவைகளின் குரல் நாளுக்கு நாள் தாழ்ந்தது. ஹார்ட்விக் தரையில் கால் பாவாமல் திரிந்தார். போட்டியில் நடுவர்கள் காதைக் கூண்டோடு ஒட்டவைத்துக் கேட்டு, கண் கலங்கி, முதல் பரிசைக் கொடுத்தார்கள். ஒரு பறவை இன்னும் தாழ்ந்தது. அது பாடுவது யாருக்கும் கேட்காது, காப்பிக் கோப்பையில் கிடக்கும் கரண்டி மட்டும் லேசாக நடுங்கும். அதற்கு ஹார்ட்விக் பேராயர் என்று பெயர் வைத்தார். இர்மெலாவுக்குத் தலை கனத்தது. பனிக்காலத் தலைவலி என்று விட்டுவிட்டாள். கன்னமெல்லாம் ரோஜாவாகச் சிவந்திருந்ததைப் பார்த்து, இந்த வயதில் இவளுக்கு என்ன வந்தது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் வயிறெரிந்தார்கள்.

அவளுக்கு என்ன வந்தது என்றால், அக்கா வந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும். அக்கா வீட்டுச் சமையலறை, அக்காவின் நீலக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பு, அக்காவின் நொட்டைச் சொல். இருவரும் அம்மாவின் வெள்ளிக் கரண்டி யாரிடம் இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். சண்டை போட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இர்மெலா அழுதாள். ஒரு நாள் சந்தைக்குப் போய்த் திரும்பத் தாமதமாகி, அடுப்பு அணைந்து கிடந்தது. அன்று தூங்கினாள், அக்கா இல்லை. வெறும் தூக்கம். அன்றைக்கே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து அடுப்பில் கரியை இரண்டு மடங்காகப் போட்டாள். கணவரிடம் வாயைத் திறக்கவில்லை. கதவில் மேஸ்திரி எழுதிவைத்த தேதியை ஈரத்துணியால் அவளே துடைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு மகள் குடூலா வந்தாள். புருஷன் மீன்பிடிக் கப்பலில் வடகடலுக்குப் போயிருந்தான். இவள் பிள்ளையை அம்மா வீட்டில் பெற்றுக்கொள்ளலாம் என்று நிறைவயிற்றோடு ரயிலேறி வந்துவிட்டாள். வந்த களைப்பில் தூங்கினாள். மறுநாளும் எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். அவள் கன்னமும் சிவந்தது. பிள்ளைத்தாய்ச்சி தூங்கட்டும் என்றார் ஹார்ட்விக். அன்று மதியம் இர்மெலா வழக்கம்போல அக்கா வீட்டுக்குப் போனபோது, மேஜையில் யாரோ ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, தரைக்கு எட்டாத காலை ஆட்டிக்கொண்டு, கேக்கை விரலால் தோண்டிக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. முகவாய் மட்டும் குடூலாவின் முகவாய். ஆடல்ஹைட் கேக்கை வெட்டாமல் கத்தியோடு நின்றாள்.

“யாருக்கா இது?” என்றாள் இர்மெலா.

“என்னைக் கேக்குறியா? காலையிலேயே கதவைத் தட்டிக்கிட்டு வந்துருச்சு. பேரு கேட்டா, இன்னும் வைக்கலைங்குது.”

இர்மெலா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“இவ இங்க இருக்கக் கூடாதுடி,” என்றாள் ஆடல்ஹைட். “நீயும்தான். நீ எப்படி வர்றேன்னு எனக்குத் தெரியாதா? என் வீட்டுப் பொகைபோக்கியும் அடைச்சுத்தான் கெடக்கு. நானும் தெரிஞ்சேதான் விட்டு வச்சேன். ரெண்டு கெழவிங்க சாகுறதுன்னா சரி. இதுக்கு என்ன வந்துச்சு?”

“அப்புறம் உன்னை எங்கக்கா பாப்பேன்?”

“பாக்க மாட்டே,” என்றாள் அக்கா. அவள் எப்போதுமே இப்படித்தான், பட்டென்று. “நாளைக்கு எங்க ஊர் பொகைபோக்கி ஆளை வரச் சொல்லிட்டேன். நீயும் சொல்லு. இவ கையப் பிடி. கேக்கு தின்னு முடிக்கட்டும்னு நிக்காத, எழுந்திரு.”

இர்மெலா அந்தப் பிசுபிசுத்த கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கண் விழித்தபோது கை காலியாக இருந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. கூண்டுகளில் பாதிப் பறவைகள் தரையில் கிடந்தன, பேராயரும் கிடந்தார். கோப்பையில் கரண்டி அசையவில்லை. அவள் தவழ்ந்துபோய், இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் எறிந்தாள். மலைக்காற்று கூடத்துக்குள் பாய்ந்தது. ஹார்ட்விக் துள்ளி எழுந்து, காற்று, காற்று என்று அலறினார்.

“பறவைங்க செத்துடும்டி!”

“சாகட்டும். உன் மக வயித்துல கை வச்சுப் பாரு. அசையுதா சொல்லு,” என்றாள் இர்மெலா.

அவர் கை வைத்தார். உள்ளே அசைவே இல்லை. இருவருமாக மகளைக் கம்பளியோடு இழுத்து வாசலில் பனி மேல் போட்டார்கள். வெகுநேரம் கழித்து குடூலா வாந்தி எடுத்தாள், குளிருகிறது என்று திட்டினாள். அதற்கும் பிறகுதான் அந்தக் குழந்தை உள்ளேயிருந்து ஒரு உதை விட்டது. சண்டைக்காரி உதை. ஹார்ட்விக் பனியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

இர்மெலா ஆளனுப்பி வரவழைத்த ஓல்ஹாஃப் மேஸ்திரி அன்று பொத்தானைத் தொட யாரையும் விடவில்லை. அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கூரை ஏறி, குண்டு கட்டிய பிரஷை இறக்கி, கீழேயிருந்து சுள்ளியும் தாருமாக வண்டி வண்டியாக அள்ளினார். அடைப்பு விட்டதும், குளிர்காலம் முழுக்க உள்ளே தங்கியிருந்தது மொத்தமும் ஒரே மூச்சில் மேலே கிளம்பி ஊரின் மேல் கவிழ்ந்தது. ரொட்டிக் கடைக்காரர் மாவில் கை வைத்தபடி உறங்கினார். தபால்காரர் சைக்கிளில் சாய்ந்து உறங்கினார். பள்ளிக்கூடம் மொத்தமும் உறங்கியது. எல்லோரும் ஆடல்ஹைட்டின் சமையலறைக்குப் போய் ஆளுக்கொரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு விழித்தார்கள். அந்த வீட்டின் ஓடு பதித்த அடுப்பில் ஒரு ஓடு உடைந்திருக்கிறது என்பது அன்றிலிருந்து ஊருக்கே தெரியும். உருளைக்கிழங்கு விலையைப் பேசுவது போல அதைப் பேசிக்கொண்டார்கள். கேக்கில் சர்க்கரை குறைவு என்று பாதிரியார் அபிப்பிராயப்பட்டார். இர்மெலாவுக்கு மானம் போயிற்று. அதைவிட, தனக்கென்று இருந்த ஒரு இடத்தைக் கண்டவனும் மிதித்துவிட்டுப் போனது அவளுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் காற்று நடமாடியது. அடுப்பு நன்றாக எரிந்தது. பிழைத்த பறவைகள் அலகைத் திறந்து, சந்தைப் பறவைகளைப் போலத் தொண்டை கிழியக் கத்தின. ஹார்ட்விக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தீனி போட்டார், ஆனால் ஒன்றைக்கூட விற்கவில்லை. குடூலாவுக்குப் பெண் பிறந்தது. பேர் வைக்கும் நாளில் குழந்தைக்கு நாக்கில் தேன் தடவினார்கள். அது முகத்தைச் சுளித்து, வேறெதையோ எதிர்பார்த்ததைப் போல அழுதது. இர்மெலா தினமும் மதியம் தூங்கினாள். எதுவும் வரவில்லை. எழுந்து மாடி ஜன்னலுக்குப் போய் நிற்பாள். அந்த நாட்களில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

பனி உருகும் சமயத்தில் தபால்காரர்தான் முதலில் கவனித்தார். மேற்கே போகிற காற்றில் எல்லா வீட்டுப் புகையும் மேற்கே போனது. ஷோம்பர்க் வீட்டுப் புகை மட்டும் எதிர்த்துக் கிழக்கே போனது. கூரைகளைத் தாண்டி, ஊசியிலைக் காட்டைத் தாண்டி, வேலிக்கு நேர் மேலே போய் நின்றது. எதிர்மலையிலிருந்து இன்னொரு புகை, கொஞ்சம் கறுப்பாக, அவசரமாக வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு காப்பி நேரம்வரை அங்கேயே நின்றன. சில நாட்களில் விறைப்பாகத் தள்ளித் தள்ளி நிற்கும். அன்று கரண்டிப் பேச்சு வந்திருக்கிறது என்று இர்மெலா சொல்வாள். இரு பக்கத்துக் காவல்காரர்களும் கோபுரத்திலிருந்து பார்த்தார்கள். புகையைச் சுடுவதற்கு உத்தரவு இல்லை. மேகமூட்டம் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்களும் அந்த நேரத்தில் காப்பி குடித்தார்கள்.

மேஸ்திரி வரும் தேதியில் இப்போது இர்மெலாவே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு இழை கரி விட்டுவைத்தாலும் திரும்ப ஏறச் சொல்கிறாள். சாராயம் வேலை முடிந்த பிறகுதான். தினமும் மதியம், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன், கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொள்கிறாள், ஏப்ரனை மாற்றிக்கொள்கிறாள். எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று ஹார்ட்விக் கேட்டால், அக்கா முன்னால் பரட்டைத் தலையோடு போய் நிற்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, தீக்குச்சியை உரசுகிறாள்.