நிதாலின் தலையணை உறை

பாம்பு வளர்த்தது நானல்ல, என் மகன் நிதால். படுபாவி, எங்கிருந்தோ ஒரு மலைப்பாம்புக் குட்டியை வாங்கிவந்து, மிஷ்மிஷ் என்று பெயர் வைத்துக் கொஞ்சினான். "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று நான் கத்தாத நாளில்லை. கடைசியில் நானும் அதுவும்தான் மிஞ்சினோம். அகபா சாலையில் லாரி மோதி அவன் போய்விட்டான்.

அதற்குத் தீனியாக எலியைத் தொட என்னால் ஆகவில்லை. நிதாலின் சிநேகிதன் கைஸ், தானே வளர்ப்பதாகச் சொன்னான். "சித்தி, தீனி போட்டுடாதீங்க, வழியில கக்கிடும். தலையைப் பிடிக்காம உடம்பைத் தாங்கித் தூக்குங்க. தலையணை உறையில விட்டு முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட பெட்டியில வையுங்க" என்று போனில் பாடம் நடத்தினான்.

பீரோவிலிருந்து துவைத்து மடித்த உறை ஒன்றை எடுத்தேன். பாம்பு உள்ளே போனால்தானே! பந்தாகச் சுருண்டுகொண்டது. வேறொன்றை நீட்டினேன், அதுவும் வேண்டாமாம்.

"உனக்கு என்னதான் வேணும், சனியனே?"

என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். நிதாலின் கட்டிலில், அவன் போன பிறகும் துவைக்காமல் வைத்திருந்த உறை. தினமும் படுக்கும்போது நான் முகம் புதைத்துக்கொள்வது அதில்தான். அவன் தலைமுடி வாசனை இன்னும் இருந்தது. மனசில்லாமல் அதை உருவி நீட்டினேன். நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு மெல்ல உள்ளே போனது. பாவம், அதற்கும் அவன்தான் வேண்டியிருந்தது.

பெட்டியை மடியில் வைத்து, கோட்டால் போர்த்திக்கொண்டு டாக்சியில் போனேன். டிரைவர் ஹீட்டரை முழுசாகத் திருப்பியிருந்தான்.

"கொஞ்சம் குறைப்பா, உள்ள இருக்கிறது வெந்துடும்."

"பெட்டியில என்ன ஹாஜியம்மா?"

"முட்டை."

"வெந்தா நல்லதுதானே, உப்பு இருக்கு என்கிட்ட."

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றேன்.

கைஸ் வீட்டில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. "உறை அதுகூடவே இருக்கட்டும் சித்தி. புது இடம், பயப்படாம இருக்கும்" என்றான்.

"மறக்காம திருப்பிக் கொடுத்துடுவியா?"

"ஒரு உறைக்கா இந்தப் பாடு!" என்று சிரித்தான். "நீ கொடுத்துடு, அவ்வளவுதான்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தான். அடுத்த வீட்டுச் சாமானை எங்கள் அம்மான் நகரத்தில் யாரும் அழுக்கோடும் கொடுப்பதில்லை, வெறுங்கையோடும் கொடுப்பதில்லை. உறை இஸ்திரி போட்டு மடித்திருந்தது. மேலே ஒரு தட்டு பேரீச்சம்பழ பிஸ்கட்.

"வெந்நீர்ல ஊறவெச்சு நானே ரெண்டு தடவை துவைச்சேன் சித்தி. மோந்து பாருங்க, பாம்பு வாசனை துளிகூட இருக்காது."

முகர்ந்தேன். சோப்பு வாசனை.

அவனைத் திட்டவா முடியும்? "உன் கைக்கு ஒரு குறையும் வராம இருக்கட்டும், மகனே" என்றேன்.

அவன் படியிறங்கிப் போகும்வரை பொறுத்திருந்து கதவைச் சாத்தினேன். நிதாலை மண்ணில் வைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.