பஞ்சம்மாள் முகத்து மஞ்சள் பொம்மை

கண்மாய் பாழாவதைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த மதுமதி, அடுத்த படம் சுவரில் விழுந்ததும் பதறித் திரும்பினாள். விவசாயிகள் கூட்டம் மொத்தமும் பார்க்க, பஞ்சம்மாள் முகம் மூக்குத்தியோடு பளிச்சென்று நின்றது.

அது தெரியவே கூடாத முகம். தேவிபட்டினம் பக்கம் தர்மராஜின் இறால் பண்ணையில் கூலி வேலை பார்க்கிறவள் பஞ்சம்மாள். பண்ணையின் உப்புத்தண்ணியை ஊர்க் கண்மாயில் திறந்துவிடுகிறார்கள் என்று துப்புக் கொடுத்ததே அவள்தான். மடையைக் கைகாட்டி நிற்கிற மாதிரி ஒரு படத்துக்கும் சம்மதித்தாள். "ஆளு தெரிஞ்சா என்னய உசுரோட விடமாட்டாக தாயி" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மதுமதி தன் லேப்டாப்பில் முதலில் கறுப்புக் கட்டம் போட்டுத்தான் மறைத்தாள். பஞ்சம்மாள் பதறிவிட்டாள். "அடியாத்தி, மூஞ்சியில கரியப் பூசுறியே! நான் என்ன களவாணியா? நல்லதா ஏதாச்சும் வையி." சரி, மஞ்சள் மங்களமாச்சே என்று, சிரிக்கிற மஞ்சள் பொம்மை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினாள். அதைப் பார்த்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்தப் பாழாய்ப்போன பொம்மை இப்போது எங்கே போய்த் தொலைந்தது?

"வினோத்து, நிறுத்துப்பா!" என்று கத்தினாள். மண்டபத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வினோத்குமாருக்கு அவசரமே இல்லை. "இது பழைய வெர்ஷன்க்கா. உங்க லேப்டாப்ல இருக்கிற புது ஸ்டிக்கரெல்லாம் இதுல வராது. சும்மா ஒரு கட்டம் போட்டிருந்தா அப்படியே வந்திருக்கும்."

மதுமதி பாய்ந்து பென்டிரைவைப் பிடுங்கினாள். படம் போய்விட்டது. ஆனால் முன்வரிசையில் இருந்த தர்மராஜ் அதற்குள் எழுந்துவிட்டார். "நம்ம பஞ்சம்மாள்ல அது?" என்று பக்கத்து ஆளிடம் சிரித்தபடி கேட்டுவிட்டு வெளியே போனார்.

அவளும் வராந்தாவுக்கு ஓடிப் பஞ்சம்மாளுக்குப் போன் போட்டாள். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடி போட்டாள், அதேதான். ஆத்தாடி, கறுப்பையே வச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா! இந்நேரம் பண்ணையில் அவள் ஒண்டியாக அல்லவா நிற்பாள்?

காருக்குப் பக்கத்தில் தர்மராஜ் போனைக் காதில் வைத்திருந்தார். குரலில் கோபமே இல்லை.

"சாப்ட்டியா பஞ்சம்மா? வீட்டுக்குப் போயிராத, அங்கனயே இரு. இந்தா வாரேன்."