குப்பைமேட்டு நாற்பது தொட்டிகள்

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கிறது என்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக நாலு நாள் விடுப்பில் போய்விட்டு வந்து பார்த்தால், கண்ணாடிக்கூடத்தில் என் எண்பது தொட்டிகள் நாற்பதாக நிற்கின்றன. யாருக்குத்தான் வயிறு எரியாது?

குளிர்காலப் புல்லுக்கு வெயில் ஆகாது, நாலு நாள் காய்ந்தால் பொசுங்கிவிடும். ஆனால் கொதிகலன் அறைக்குப் பின்னால், நீராவிக் குழாயின் ஓரத்தில், அந்த இனத்துச் செடி ஒன்று பச்சைப் பசேலென்று நின்றது. அதற்குக் கிழவி என்று பெயர் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தும் சூடு கொஞ்சமும் தாங்காத இன்னொரு செடி மாப்பிள்ளை. இரண்டையும் இரு வழியாகவும் சேர்த்தேன். கிழவி தாயாக நாற்பது கன்றுகள், கிழவி தகப்பனாக நாற்பது கன்றுகள். சூடு தாங்கும் குணம் தாய்வழியில் வருகிறதா, இருவரிடமிருந்தும் வருகிறதா என்று இரண்டு பாதியையும் ஒப்பிட்டால்தான் தெரியும். போன மழையில் வேர் அழுகிக் கிழவி செத்துப்போனாள். மறுபடி செய்ய வழியே இல்லை. ஆறு வருஷ உழைப்பு அந்த எண்பது தொட்டிகளில்தான் இருந்தது.

தோட்டக்காரர் என் முகத்தையே பார்க்கவில்லை. இடம் போதவில்லை, ஒரு பாதி இருந்தால் போதும் என்று நிலையத் தலைவர் சொன்னாராம். எந்தப் பாதி என்று இவர் கேட்டதற்கு, பார்க்க லட்சணமாக இருப்பதை வைத்துக்கொள் என்றாராம். லட்சணமாக இருந்தவை மாப்பிள்ளை தாயான கன்றுகள். கிழவி பெற்ற நாற்பதும் குப்பைக்குப் போய்விட்டன. குப்பை வண்டி வந்து எடுத்திருக்கும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

தலைவரின் அறைக்குப் போய் நான் கத்திய கத்தலில் தட்டச்சு செய்கிற பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அதே ரெண்டு செடிதானேம்மா? தாய் எதுவா இருந்தா என்ன, பிள்ளை ஒண்ணுதானே.”

முப்பது வருஷம் புல் ஆராய்ச்சியில் இருக்கிற மனிதர் பேசுகிற பேச்சு இது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

சூட்டு அறை காலியாக இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பிறகு மீதி நாற்பதை அதில் மூன்று வாரம் வைத்தேன். நாற்பதும் வைக்கோலாகிவிட்டன. இந்தக் குணம் சந்ததிக்கு வருவதில்லை, ஆகவே திட்டம் மூடப்படுகிறது என்று தலைவர் இரண்டே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் தோட்டக்காரர் என் மேசைப் பக்கம் வந்து தயங்கி நின்றார்.

“அன்னிக்கு வண்டி வரல மேடம். கொதிகலன் பின்னாலதான் கொட்டினேன். ஒரு எட்டு வந்து பாருங்க.”

ஓடினேன். நீராவிக் குழாயை ஒட்டிய குப்பைமேட்டில் தொட்டிகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடந்தன. முகத்தில் அனல் அடித்தது. குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் அவற்றுக்கு ஆறு வாரச் சாப்பாடு. ஒவ்வொன்றாக நிமிர்த்தி, என் கையெழுத்துச் சீட்டைப் பார்த்து எண்ணினேன். முப்பத்துமூன்று பச்சையாக இருந்தன. தூக்கி எறியப்பட்ட அந்தப் பாவங்களை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த முப்பத்துமூன்றையும் அதே சூட்டு அறையில், அதே மூன்று வாரம் வைத்தேன். ஒன்றுகூடக் கருகவில்லை. தலைவர் வந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“நல்லா வந்திருக்கே! மூடின திட்டத்தைத் திறந்துடலாம். கட்டுரையை நம்ம ரெண்டு பேர் பேர்லயும் எழுதிடும்மா.”

“எழுதறேன் சார். நடந்தது எதையும் விடாம எழுதறேன்.”

அப்படியே எழுதினேன். அவர் பெயரையும் விடவில்லை. செடிகளை வளர்த்த முறையைச் சொல்லும் பகுதியின் முதல் வரி இது: கிழவியைத் தாயாகக் கொண்ட நாற்பது கன்றுகளும், இக்கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர் உத்தரவின்படி, ஆறு வாரம் குப்பைமேட்டில் வைக்கப்பட்டன.