இதமான வெப்பம்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அண்ணியின் தாடையில், இடது காதுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி, ஒரு கொப்புளமாகப் பிறந்தது. கொப்புளம் ஆறிவிட்டது. அந்த இடத்தில் விழுந்த பள்ளம் ஆறவில்லை, என் ஆத்திரமும் ஆறவில்லை. ஆத்திரத்தில் எழுதினால் கதை உருப்படாது என்பார்கள். உருப்படாமல் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

முதல் வரியை மூன்று முறை எழுதி அடித்தேன்.

அழகு என்பது பார்ப்பவர் கண்ணில்... (சீ.)

கண்ணாடி முன் நின்ற அந்தப் பெண்... (எல்லாக் கதையிலும் நிற்கிறாள். கால் வலிக்காதா அவளுக்கு?)

சருமத்தை இறுக்கும் சிகிச்சைக்குப் போகுமுன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை... (இதை வேறொரு இடத்தில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன்.)

2

அண்ணி துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துத் தைப்பதுதான் அவள் பிழைப்பு. ஆளுயரக் கண்ணாடி முன் ஆளை நிறுத்தி, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து பிடிப்பாள். அப்படி நிமிரும்போதெல்லாம் அடுத்தவர் தோளுக்குப் பக்கத்தில் தன் தாடை தொங்குவது கண்ணில் படும்.

"ஊரு இடுப்பையெல்லாம் பிடிக்கிறேன், இதைப் பிடிக்க முடியலையேடி" என்று என்னிடம் சிரிப்பாள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

(ஒரு தொழில் ரகசியம், பின்னால் தேவைப்படும். ஊசி வைக்கும்போது "குத்துதா?" என்று கேட்டால் ஒருவரும் ஆமாம் என்று சொல்வதில்லையாம். "வாயைக் கேக்கக் கூடாது. தோளைப் பாக்கணும். தோள் துள்ளும்" என்பாள் அண்ணி.)

3

யாரிடமும் சொல்லாமல் தாடையை இறுக்கும் சிகிச்சைக்குப் போனாள், என் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. கத்தி இல்லை, தையல் இல்லை, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். படுக்க வைத்து, கன்னத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். சாக்கட்டியால் அளவு குறிப்பது போல இருந்ததால் அவளுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார்கள்.

"ஓகேவாக்கா?"

"ஓகேம்மா."

கேட்ட பெண்ணின் கண் கருவியின் திரையில் இருந்தது. தாடைக்கு வந்ததும் சுட்டது. போர்வைக்குள் அண்ணியின் கால் விரல்கள் சுருண்டன. போர்வைக்குள் யார் பார்க்கிறார்கள்?

"ஓகேவாக்கா?"

"ஓகேம்மா."

(அந்தக் கருவிப் பெண்ணைப் பற்றி எனக்கே சந்தேகம். முதல் வரைவில் அவளைப் போன் நோண்டுகிறவளாக எழுதியிருந்தேன். பொய். இரண்டே நாள் பயிற்சி கொடுத்துக் கருவி முன் நிறுத்தியிருக்கிறார்கள், வாசலில் அடுத்த ஆள் காத்திருக்கிறாள். ஆகவே பாதி மன்னிப்பு. அந்த இடத்தின் மேலாளருக்கு மட்டும் இந்தக் கதை முடியும்வரை மன்னிப்பே கிடையாது.)

4

"கத்த வேண்டியதுதானே அண்ணி? வாய் எங்க போச்சு?" என்று நான்தான் கத்தினேன்.

அவள் கைப்பையிலிருந்து, அங்கே கொடுத்த, நாலாக மடித்த ஒரு துண்டுத்தாளை எடுத்துப் படித்தாள். "'சிகிச்சையின்போது இதமான வெப்பத்தை உணர்வீர்கள்.' இதமா இருக்கும்னு போட்டிருக்கான். எனக்கு மட்டும் சுடுதுன்னா என் தோல்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். இந்த வயசுல அலட்டிக்கிறா பாருன்னு அந்தப் பொண்ணு நினைச்சிட்டா? பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன்."

தாளை மறுபடி மடித்தாள். "துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். இதை என்ன பண்றது? எவன் எழுதினானோ, அவன் மூஞ்சியில அந்த மெஷினை வைக்கணும்."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

5

அந்த எவன் நான்தான்.

நான் கதை மட்டும் எழுதுவதாக வீட்டில் நினைப்பு. துண்டுத்தாளும் எழுதுகிறேன், பெயர் போடாமல். அண்ணி போன அந்த இடத்துக்காகப் படித்து, விசாரித்து, பத்துக் குறிப்புகள் எழுதினேன். மேலாளர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். 'பேஸ்மேக்கர் இருந்தால் சொல்லுங்கள்' தப்பித்தது. 'பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம், சிலருக்குத் தெரியாமலும் போகலாம்' போச்சு. 'கருவியை இயக்குபவர் என்ன பயிற்சி பெற்றவர் என்று கேளுங்கள்' போச்சு. 'கொப்புளமோ பள்ளமோ வந்தால் யார் பார்ப்பார்கள் என்று முன்பே கேளுங்கள்' போச்சு. ஏழாவது குறிப்பில் பேனா நின்றது.

"சுடும்னு போட்டா எவ வருவா? அழகா ஒண்ணு போடுங்களேன். உங்களுக்குத்தான் தமிழ் கொட்டுதே!"

உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. நின்ற இடத்திலேயே கொட்டினேன்: இதமான வெப்பம். "அடடா" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். ஐயோ, சந்தோஷப்பட்டேனே, பாவி!

6

முடிவுகள்.

அ) எழுதியவள் நேரே போய், காத்திருக்கும் பெண்கள் முன் துண்டுத்தாள்களைக் கிழித்தெறிகிறாள். (படிக்கட்டுவரை போனேன். திரும்பிவிட்டேன்.)

ஆ) பள்ளம் தானாக நிரம்புகிறது. (வேறு ஒரு தோல் மருத்துவர் பார்த்தார். நிரம்பலாம், நிரம்பாமலும் போகலாம் என்றார்.)

இ) தாள் தீர்ந்து, மறுபதிப்புக்குக் கேட்கிறார்கள். எழுதியவள், மேலாளர் வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்து அனுப்புகிறாள். (அனுப்பினேன். எழுத வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். 'இதமான வெப்பம்' மட்டும் அப்படியே இருக்கிறது. நல்ல வரியாம்.)

ஈ) எழுதியவள் அண்ணியிடம்...

7

நான் எழுதும் கதையை முதலில் படிப்பது எப்போதும் அண்ணிதான். கடையில், இஸ்திரிப் பெட்டி காயும் நேரத்தில், நின்றுகொண்டே படிப்பாள்.

அண்ணி, இதுவரை வந்துவிட்டீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இத்தனை சுற்று. இனிமேல் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அது உங்கள் கையில் இருக்கிறது. நான் எதிரே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "பரவாயில்லடி" என்று நீங்கள் சொன்னால் நம்ப மாட்டேன். உங்கள் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஏழாவது குறிப்பை நான் முதலில் எழுதியபடியே இங்கே வைக்கிறேன்:

சுட்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே சொல்லுங்கள்.