பேனா நின்ற இடம்

செம்பாறை அரசு கலைக் கல்லூரியில், வகுப்பில் கேட்கப்படாத சந்தேகங்கள் மாலை நாலு மணிக்கு ஆசிரியரோடு கிளம்பி அவர் வீட்டுக்குப் போய்விடும்; காலையில் அவரோடே திரும்பி வரும். முழங்கால் உயரம் இருக்கும். குரல் கிடையாது. காத்திருக்க மட்டும் தெரியும்.

அங்கே புள்ளியியல் துறையில் மூன்று வருடமாகக் கௌரவ விரிவுரையாளராக இருந்த மாரிச்செல்வியிடம் அந்த ஜனவரியில் அறுபத்தோரு சந்தேகங்கள் சேர்ந்திருந்தன. மாணவர்கள் நாற்பத்து மூன்று பேர்தான். சிலருக்கு இரண்டு, ஒருவனுக்கு ஐந்து. நாலு பத்து டவுன் பஸ்ஸில் அவை வரிசையாக ஏறி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். நடத்துநர் எட்டிப் பார்த்து, "மேடத்தோடது எல்லாம் ஏறிருச்சு, போலாம்" என்று விசில் கொடுப்பார்.

வீட்டுக்கார சரோஜா அக்காவுக்குத்தான் சங்கடம். "மாடிப்படி பூரா ஒங்க பிள்ளைக சந்தேகமா உக்காந்திருக்கு மேடம். டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாக்க ஏற முடியல."

"கொஞ்சம் நகரச் சொல்றேன்க்கா."

"நகருது. திரும்ப வந்து உக்காந்துக்குது."

இந்த அறுபத்தொன்றும் போக இன்னொன்று இருந்தது. அது அக்டோபரில் பதிவுத் தபாலில் வந்தது. மாரிச்செல்வி கல்லூரியில் படித்தபோது பாடம் எடுத்த வேலாயுதம் சார் ஓய்வு பெற்றதும், தன்னிடம் தங்கியிருந்தவற்றை முகவரி விசாரித்து உரியவர்களுக்கு அனுப்பிவைத்திருந்தார். எட்டு வருடத்தில் அது இடுப்பளவு வளர்ந்திருந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பெருசா இருக்கும்மா, பாத்து எறக்குங்க" என்றார்.

அது என்ன சந்தேகம் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. கொஞ்சம் பேரை மட்டும் எடுத்து, அவர்களுடைய மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணக்கிடும்போது, கடைசியில் ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுப்பார்கள். ஏன் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று அன்று அவள் கேட்கவில்லை. அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை. கேட்டால், நீ எப்படி இங்கே வந்தாய் என்று யாராவது திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டாள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தாள், முதல் வகுப்பில் தேறினாள், இப்போது அதே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறாள். எழுதி முடித்ததும், "சந்தேகம் இருக்கா?" என்பாள். "இல்ல மேடம்" என்பார்கள். அன்று மாலை பஸ்ஸில் இரண்டு கூடியிருக்கும்.

ஜனவரியில் சுற்றறிக்கை வந்தது. கௌரவ விரிவுரையாளர்கள் ஜூனில் பணி தொடர வேண்டுமானால், கல்லூரி ஆசிரியர்களுக்கான உயர்நிலை இணையவழிப் பயிற்சியில் சான்றிதழ் பெற வேண்டும். எட்டு சனிக்கிழமைகள், காலை பத்து மணி. எட்டாவது வாரம் கேமராவை அறை முழுக்கத் திருப்பிக் காட்டும்போது ஒரு சந்தேகமும் தென்படக் கூடாது.

முதல் சனிக்கிழமை திரையில் நாற்பது கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆசிரியர், அவருக்குப் பின்னால் கட்டில்மேலும் பீரோ மேலுமாக அவருடைய சந்தேகங்கள். அவள் கல்லூரியிலேயே வேலை பார்க்கும் வணிகவியல் இருதயராஜ் சாரின் கட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது.

பயிற்சி நடத்தியவர் பேராசிரியர் நசீமா பானு. தாவரவியல் துறைக்காரர். அவருக்குப் பின்னால் வெள்ளைச் சுவரும் ஒரு காலண்டரும்தான். மாரிச்செல்வி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் பாடம் எடுத்த ஒருவருக்குப் பின்னால் அவ்வளவு வெறும் சுவர் இருக்க முடியும் என்பது அவளுக்கு ஒரு கோயில் கோபுரத்தைக் கிட்டத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

"சந்தேகம் இருக்கான்னு யாரும் இனிமே கேக்காதீங்க" என்றார் நசீமா பானு. "கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. நாமளும் அப்படித்தான சொல்லி வந்தோம். வகுப்பு முடியிறப்போ ஆளுக்கொரு சீட்டு குடுங்க. எழுதிட்டிருக்கும்போது எந்த வரியில பேனா நின்னுச்சுன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க. மறுநாள் அந்த வரியை அவங்க வாயாலயே வாசிக்கச் சொல்லுங்க."

"பதில் நமக்குத் தெரியலன்னா மேடம்?" என்று ஒரு கட்டம் கேட்டது.

"பதில் கெடச்சாத்தான் அதுங்க போகும்னு யாரு சொன்னா? கேட்டாலே போயிரும். பதிலு நம்ம கடமை, அது வேற."

திங்கட்கிழமை மாரிச்செல்வி சீட்டு கொடுத்தாள். செவ்வாயன்று ஐந்து சந்தேகக்காரன் தன் முதல் வரியை வாசித்தான். கதவோரம் இருந்த ஒன்று எழுந்து, அவன் காலருகே வந்து ஒரு நிமிடம் நின்றது. பிறகு வராண்டாவில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்துபோனது. அடுத்த வரியை வாசித்தான். அடுத்தது போனது. மூன்றாவது வாரம் நாற்பது. ஐந்தாவது வாரம் பதினொன்று. சரோஜா அக்கா டேங்க்கைக் கழுவிவிட்டார். நடத்துநர், "என்ன மேடம், காத்தாடுது" என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாரிச்செல்வி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே முகம் கழுவி, நசீமா பானுவின் வெள்ளைச் சுவர் திரையில் வருவதற்காக உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது வாரம் இரண்டு மிச்சம். ஒன்று அவளுடையது. இன்னொன்று கடைசி பெஞ்சு தெய்வக்கனியுடையது. தெய்வக்கனி தினமும் ஒரே சீட்டைத்தான் கொடுத்தாள்: 'எல்லாம் புறிந்தது.' அந்த 'றி'யை மாரிச்செல்வி தினமும் சிவப்பு மையால் 'ரி' என்று திருத்தினாள். மறுநாள் மறுபடியும் 'றி'யாகவே வந்தது. வெள்ளிக்கிழமை சீட்டில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'எல்லாம் புறிந்தது. பேனா நின்றது.'

"எங்க நின்னுச்சும்மா?"

தெய்வக்கனி எழுந்து கரும்பலகையைக் காட்டினாள். "அந்த ஒண்ணை ஏன் மேடம் கழிக்கிறோம்?"

அவளுடைய சந்தேகம் எழுந்து, அவள் காலருகே நின்றுவிட்டுப் போனது. மாரிச்செல்வியுடையது ஜன்னலோரம் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியாதும்மா. திங்கக்கிழம கேட்டுட்டு வந்து சொல்றேன்."

வகுப்பு அதைக் குறித்துக்கொண்டது.

அன்று இருதயராஜ் சார் டீக்கடையில் சொன்னார்: "நாளைக்கிக் கடைசி வாரம். எங்கண்ணன் தென்னந்தோப்புல மோட்டார் ரூம் இருக்கும்மா. ஒரு நாளைக்கு அதுல அடைச்சு வையிங்க. என்னோடது முந்நூறும் அங்கதான் இருக்கு."

"பொய்யாயிரும் சார்."

"இதுல பொய் எங்க இருக்கு? கேமரா கோணம்."

"ஒண்ணுதான் சார் இருக்கு. ஒண்ணைக் கழிக்கிற கணக்கு, என்னோடது."

"அப்ப பாத்ரூம்லயே நிக்கும். புள்ளியியல் டீச்சர் ஒண்ணைக் கழிக்கத் தெரியாதுன்னு நாப்பது பேரு முன்னாடி சொன்னா, ஜூன்ல எந்த வேலைக்குப் போவீங்க? யோசிங்கம்மா."

அவள் யோசித்தாள். பாத்ரூம் கதவையும் ஒரு முறை திறந்து பார்த்தாள். இடுப்பளவு இருந்ததால் குழாய்க்கு அடியில் குனிந்தால்தான் அடங்கும். அது குனியத் தயாராகவும் இருந்தது. எட்டு வருடம் வேறொருவர் வீட்டில் இருந்து வந்ததை மறுபடியும் குனியச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை அவளுடைய முறை வந்தபோது கேமராவை நிதானமாகத் திருப்பினாள். கட்டில், பாய், புத்தக அலமாரி, அது.

"ஒண்ணு இருக்கே, மாரிச்செல்வி. எந்த மாணவரோடது?"

"என்னோடது மேடம்."

நசீமா பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கேளுங்க."

கேட்டாள். பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். அது எழுந்து வந்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் நின்றது, பிறகு படியிறங்கியது. கீழே சரோஜா அக்கா வழிவிடும் சத்தம் கேட்டது.

"இது எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு" என்றார் நசீமா பானு. "ஒங்க வகுப்புல எத்தன பேரு?"

"நாப்பத்திமூணு மேடம்."

"வகுப்புச் சராசரி ஒங்க கையில இருக்கு. நாப்பத்திரெண்டு பேரு அவங்க மார்க்கைச் சொல்லிட்டாங்க. கடைசி ஆளு புதுசா எதாவது சொல்ல முடியுமா?"

மாரிச்செல்வி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். "முடியாது மேடம். அவங்க மார்க் ஏற்கெனவே முடிவாயிருக்கும்."

"அதான் அந்த ஆளைக் கழிச்சிர்றோம். வராமலே தெரிஞ்சிரும்."

அவ்வளவுதான். எட்டு வருடம் காத்திருந்து தபாலில் வந்த விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. 'காலியிடம் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையோடு சான்றிதழ் பிற்பகலில் வந்தது. ஜூனிலும் வேலை உண்டு என்று கல்லூரி முதல்வர் போனில் சொன்னார். மாரிச்செல்வி தன் பாய்க்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அதை அப்படியே சொன்னாள். தெய்வக்கனி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து கவனித்தாள். சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாயன்று உள்தேர்வு. அந்தக் கல்லூரியில் தேர்வுக்கு முந்தின நாளே வகுப்புச் சராசரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவது வழக்கம். ஐம்பத்து நான்கு என்று ஒட்டியிருந்தார்கள். காலையில் நாற்பத்திரண்டு பேர் வந்து எழுதினார்கள். கடைசி பெஞ்சு காலியாக இருந்தது.

மாரிச்செல்வி நாற்பத்திரண்டு தாளையும் திருத்திக் கூட்டினாள். இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தொன்று. சராசரியை நாற்பத்து மூன்றால் பெருக்கி, அதிலிருந்து இதைக் கழித்தாள். எழுபத்தொன்று வந்தது. கூடவே தெய்வக்கனியின் விடைத்தாளும் வந்தது, நூல் கட்டி, ஓரம் மடித்து. கடைசிப் பக்கத்தில், கோடு போட்ட இடத்துக்குக் கீழே, 'புறிந்தது' என்று எழுதியிருந்தாள்.

மாரிச்செல்வி 'றி'யைத் திருத்தினாள். வருகைப் பதிவேட்டில் தெய்வக்கனிக்கு நேரே வந்ததாகக் குறித்தாள்.